நிரலுக்குள் ஒரு கேள்வி

பள்ளி அலுவலகத்து இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் தடித்த பதிவேடுகளை நம்முள் அறியாதார் இலர். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, கட்டணப் பதிவேடு என அவை பல வகை. 'ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் 35க்குக் குறைவாகப் பெற்றவர் யார் யார்?' என்று தலைமையாசிரியை கேட்டால், எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, வரிவரியாக விரலை ஓட்டி, பென்சிலால் புள்ளியிட்டு, அரை மணி நேரத்தில் ஒரு பட்டியலைத் தருவார். அந்தப் பதிவேடுகளின் இடத்தை இன்று பெருமளவு கணிப்பொறி எடுத்துக்கொண்டுவிட்டது. புரட்டும் வேலையும் தேடும் வேலையும் அதனுடையவை. ஆனால் கேட்கும் வேலை இன்றும் நம்முடையதே.

எப்படிக் கேட்பது, கேள்வியை ஒரு நிரலுக்குள் எவ்வாறு பதித்து வைப்பது, அப்படிப் பதிக்கும்போது எங்கே இடற நேரும் என்பவற்றையே இங்குக் காணப் போகிறோம். கணிப்பொறி வகுப்பில் ஸ்கிரிப்ட் எழுதப் பழகும் மூத்த மாணவியர்க்கு இது நேரடியாகப் பயன்படும். பெற்றோர்க்கும் இதில் செய்தி உண்டு. நம் வீட்டுப் பெண்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இத்தகைய நிரல்களின் கையில்தான் இருக்கின்றன அல்லவா?

முதலில் தரவுத்தளம் என்பது யாது? டேட்டாபேஸ் என்று வழங்கும் இது, ஒழுங்குபடுத்தி வைத்த பதிவேடுகளின் தொகுப்பேயாகும். இன்று நாம் பெரிதும் காணும் வடிவத்தை இதற்குத் தந்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். அமெரிக்காவில் சான் ஹோசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். செய்திகளையெல்லாம் எளிய அட்டவணைகளாக வைத்துக்கொண்டால் போதும் என்பதே அதன் சாரம். மாணவியருக்கு ஓர் அட்டவணை, மதிப்பெண்களுக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைக்கச் சேர்க்கை எண். மதிப்பெண் அட்டவணையில் பெயரை மறுபடியும் எழுத வேண்டுவதில்லை. எண்ணைக் கொண்டு பெயரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னிருந்த முறைகளிலோ, எந்தச் செய்தி எந்த வழியாகச் சென்றால் கிடைக்கும் என்பதை நிரல் எழுதுபவரே நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

அட்டவணைகள் ஆயின. அவற்றிடம் கேட்க ஒரு மொழி வேண்டுமே! அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974இல் 'சீக்வெல்' என்ற மொழியை அறிமுகம் செய்தனர். பாய்ஸ் அவ்வாண்டிலேயே இளம் வயதில் மறைந்துவிட்டார். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்தமையால், மொழியின் பெயர் பின்னர் எஸ்.க்யூ.எல். எனச் சுருங்கிற்று. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனம் இதனை ஏற்றது, மறு ஆண்டு உலகத் தர நிறுவனமும் ஏற்றது. ஐம்பது ஆண்டு கடந்தும் வழக்கொழியாத கணிப்பொறி மொழிகள் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

இம்மொழியில் ஒரு கேள்வியைப் பாருங்கள். கணிப்பொறியில் இதன் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பர். நாம் தமிழ் எழுத்தில் தருகிறோம்.

செலக்ட் பெயர், மதிப்பெண்
ஃப்ரம் கணக்குத்தேர்வு
வேர் வகுப்பு = 9 அண்ட் மதிப்பெண் < 35

'வேர்' என்றதும் மரத்தின் வேரை நினைத்துவிட வேண்டா. 'எங்கே' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. கணக்குத்தேர்வு என்னும் அட்டவணையிலிருந்து, வகுப்பு 9ஆகவும் மதிப்பெண் 35க்குக் குறைவாகவும் உள்ள வரிகளில், பெயரையும் மதிப்பெண்ணையும் எடுத்துத் தா என்பதே இதன் பொருள். எப்படித் தேடுவது என்று இதில் ஒரு சொல்லும் இல்லை. தலைமையாசிரியை எழுத்தரிடம் கேட்பதைப் போல, வேண்டியதை மட்டும் சொல்கிறோம். முதல் வரியிலிருந்து பார்ப்பதா, வகுப்புவாரியாக முன்பே வரிசைப்படுத்திய குறிப்பைக் கொண்டு பார்ப்பதா என்பதைத் தரவுத்தளமே முடிவு செய்துகொள்ளும். செலவு குறைந்த வழியை அது எவ்வாறு கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை விளக்கிய 1979ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெட்ரீசியா செலிஞ்சர் என்ற பெண்மணி. இன்றைய தரவுத்தளங்களிலும் அவர் வகுத்த முறையின் சாயலைக் காணலாம். நம் மாணவியர் இப்பெயரைக் குறித்துக்கொள்வது நன்று.

எஸ்.க்யூ.எல். கேட்கவும் மாற்றவும் வல்லது. ஆனால் மதிப்பெண் அட்டையை அழகாக அச்சிடுவது, பெற்றோருக்குச் செய்தி அனுப்புவது, திரையில் பொத்தான் வைப்பது எல்லாம் அதன் வேலையல்ல. அவற்றுக்கு வேறு நிரல் மொழி வேண்டும். ஆகவே அந்த மொழியில் எழுதிய நிரலின் நடுவே, வேண்டிய இடத்தில் எஸ்.க்யூ.எல். கேள்வியைப் பதித்து வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. ஒரு மொழி விருந்தளிக்கிறது, மற்றொன்று விருந்தினராக வந்து அமர்கிறது எனலாம்.

தொடக்க காலத்தில் கோபால், பி.எல். ஒன் போன்ற மொழிகளில் இது நடந்தது. தர விதிப்படி, விருந்தினர் பேசத் தொடங்கும் இடத்தில் 'எக்ஸெக் எஸ்.க்யூ.எல்.' என்று எழுதுவார்கள். நிரலை இயக்குவதற்கு முன் ஒரு தனிக் கருவி வந்து, அந்தப் பகுதிகளை மட்டும் பொறுக்கியெடுத்துத் தரவுத்தளம் புரிந்துகொள்ளும்படி ஆயத்தம் செய்யும். நிரலில் உள்ள ஒரு மதிப்பைக் கேள்விக்குள் அனுப்ப வேண்டுமானால் அதன் பெயருக்கு முன் முக்காற்புள்ளி இட வேண்டும். 'வகுப்பு = :வேண்டியவகுப்பு' என்பது போல. கேள்வி வாக்கியம் முன்னரே ஆராயப்பட்டு முடிந்துவிடுகிறது. மதிப்பு பின்னால் வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இந்தச் சிறிய முக்காற்புள்ளியை மறவாதீர்கள், இதனிடம் மீண்டும் வருவோம்.

தரவுத்தளம் ஒரே கேள்விக்கு நூறு வரிகளைக் கொண்டுவந்து கொட்டும். நிரலோ ஒவ்வொரு வரியாகத்தான் கையாளும். இந்தப் பொருத்தமின்மைக்காகக் 'கர்சர்' என்ற ஏற்பாட்டைச் செய்தனர். பதிவேட்டின் மேல் வைத்து வரிக்கு வரி நகர்த்தும் அளவுகோல் போன்றது அது. திற, அடுத்த வரியைக் கொடு, மூடு என்ற மூன்றே கட்டளைகள். இன்றைய ஸ்கிரிப்டுகளிலும் இச்சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

1990களில் இணையம் பரவியது. பேர்ல், 1995இல் வெளிவந்த பி.எச்.பி. போன்ற ஸ்கிரிப்ட் மொழிகள் செல்வாக்குப் பெற்றன. இவற்றில் முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் கருவி இல்லை. கேள்வி என்பது வெறும் எழுத்துச் சரம். அந்தச் சரத்தை நிரல் தானே ஒட்டித் தைத்துத் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடலாம். மிகவும் எளிது, பழகுவோர்க்கு மகிழ்ச்சி. ஆனால் பழைய முக்காற்புள்ளி தந்த பாதுகாப்பு இந்த எளிமையில் கைநழுவிப் போயிற்று. எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

நம் பள்ளி போன்ற ஒரு பள்ளியில், பெயரைத் தட்டினால் அம்மாணவியின் கட்டண விவரத்தைக் காட்டும் ஸ்கிரிப்ட் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நிரலில் கேள்வியின் முன்பாதி இருக்கிறது:

செலக்ட் கட்டணம் ஃப்ரம் மாணவியர் வேர் பெயர் = '

இத்துடன் தட்டிய பெயரை ஒட்டி, இறுதியில் இன்னொரு மேற்கோள் குறியை ஒட்டி அனுப்புகிறார்கள். சரோஜா என்று தட்டினால் 'சரோஜா' என்று முடிகிறது. பதில் வருகிறது. பாத்திமா, வசந்தி, ஆக்னெஸ் என யார் பெயரைத் தட்டினாலும் குறையில்லை. ஒரு நாள் மேரி டி'சூசா வருகிறாள்.

செலக்ட் கட்டணம் ஃப்ரம் மாணவியர் வேர் பெயர் = 'மேரி டி'சூசா'

தரவுத்தளத்தின் கண்ணோடு இதைப் படியுங்கள். மேற்கோள் குறி வந்ததும் பெயர் தொடங்குகிறது. அடுத்த மேற்கோள் குறி வந்ததும் பெயர் முடிகிறது. ஆகவே அதன் கணக்கில் மாணவியின் பெயர் 'மேரி டி'. அதன் பிறகு நிற்கும் 'சூசா' என்பது என்ன கட்டளை? அப்படி ஒரு கட்டளையை அது அறியாது. வாக்கியம் பிழை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. டி'சூசா, டி'க்ரூஸ், டி'சில்வா, அயர்லாந்துச் சகோதரிமார் சிலர் தாங்கிய ஓ'பிரையன், ஓ'கானர் எல்லாருக்கும் இதே கதிதான். ஒரு குழந்தை, தன் பாட்டனார் காலத்திலிருந்து வரும் பெயரைத் தாங்கி வந்த ஒரே காரணத்தால், 'உன் பெயரைக் கணிப்பொறி ஏற்கவில்லை' என்று கேட்க நேர்வது சிறிய விஷயமன்று.

இதற்குச் செய்யப்படும் முதல் வைத்தியம், பெயரிலிருந்து அந்தக் குறியை நீக்கிவிடுவது. நம் கருத்தில் இது வைத்தியமே அன்று. ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்றாகிவிடும். பின்னாளில் கல்லூரியிலும் வேலையிலும் இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அந்தப் பெண்தான் அலைய வேண்டும். நிரலின் வசதிக்காக மனிதரின் பெயரைக் குறைப்பது முறையாகுமா?

இரண்டாம் வைத்தியம், குறிக்கு முன்னால் சாய்கோடு ஒன்றை நுழைத்து, 'இதைச் சாதாரண எழுத்தாகவே கொள்க' என்று சொல்வது. பி.எச்.பி. மொழியில் இது தானாகவே நடக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. மேஜிக் கோட்ஸ் என்று அதற்குப் பெயர். மாயம் என்ற பெயருக்கு ஏற்பவே அது நடந்துகொண்டது. வேண்டாத இடத்திலும் சாய்கோடு நுழைந்து, ஓ\'பிரையன் என்று திரைகளில் பல்லிளித்தது. 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள், 2012இல் மொழியிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அறியாமல் வந்த மேற்கோள் குறியே இவ்வளவு தொல்லை தருமானால், வேண்டுமென்றே ஒருவர் தட்டினால் என்னவாகும்? பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் இப்படித் தட்டுகிறார் என்று வையுங்கள்:

' ஆர் '1' = '1

நிரல் வழக்கம்போல் இருபுறமும் மேற்கோள் குறியை ஒட்டுகிறது. கேள்வி இப்போது, 'பெயர் வெறுமையாக இருந்தால், அல்லது 1 என்பது 1க்குச் சமமாக இருந்தால்' என்று மாறிவிடுகிறது. 1 எப்போதும் 1தானே! ஆகவே நிபந்தனை எல்லா வரிக்கும் பொருந்துகிறது. ஒரு மாணவியின் விவரம் கேட்ட இடத்தில் பள்ளியின் அத்தனை மாணவியரின் விவரமும் வெளியே வந்து விழுகிறது. விரிவாகத் தட்டத் தெரிந்தவர் மதிப்பெண்ணை மாற்றவும், அட்டவணையையே அழிக்கவும் வழி பிறந்துவிடலாம். இதனை எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் என்பர். ஊசி வழியே மருந்துக்குப் பதில் நஞ்சைப் புகுத்துவது போன்றது.

கற்பனை என்று எண்ண வேண்டா. ஹார்ட்லேண்ட் என்னும் அமெரிக்கப் பணப் பரிமாற்ற நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் இவ்வழியில் தாக்கப்பட்டு, 13 கோடிக்கு மேற்பட்ட வங்கி அட்டை எண்கள் திருடுபோயின என்று 2009இல் அரசுத் தரப்பு குற்றஞ்சாட்டியது. முதன்மைக் குற்றவாளி ஆல்பர்ட் கொன்சாலஸுக்கு 2010இல் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2015 அக்டோபரில் இங்கிலாந்தின் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளரின் விவரங்கள் இவ்வாறே களவு போயின. 15,656 பேரின் வங்கிக் கணக்கு எண்களும் அவற்றுள் அடங்கும். மறு ஆண்டு அந்நிறுவனத்துக்கு நான்கு லட்சம் பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. நிறுவனம் முன்பு வேறொன்றை வாங்கியபோது கூடவே வந்து சேர்ந்த பழைய இணையப் பக்கங்கள் சிலவே வாசலாக அமைந்தனவாம். யாரும் திரும்பிப் பார்க்காத பழைய ஸ்கிரிப்ட்! இந்தத் தாக்குதல் முறையோ 1998இலேயே வெளிப்படையாக எழுதப்பட்டுவிட்ட ஒன்று.

குற்றம் மேற்கோள் குறியில் இல்லை. கேள்வியையும் அதில் நிரப்ப வேண்டிய சொல்லையும் ஒரே சரமாக ஒட்டியதில் இருக்கிறது. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் கடிதம் எழுதுகிறார் என்று கொள்வோம். 'இத்துடன் கடிதத்தை முடி, அலமாரியைத் திற' என்று இடையில் ஒரு சொற்றொடர் வந்தால், அது கடிதத்தில் எழுத வேண்டியதா, எழுந்துபோய்ச் செய்ய வேண்டியதா? எழுதுபவருக்குத் தெரிய வழியில்லை. அச்சிட்ட சேர்க்கைப் படிவத்தில் இந்தக் குழப்பமே எழாது. பெயர் என்ற கட்டத்தில் 'இவளுக்குக் கட்டணம் வேண்டா' என்று யாரேனும் எழுதினாலும், அலுவலகத்தில் அதை விநோதமான ஒரு பெயராகத்தான் படிப்பார்கள், கட்டளையாக அல்ல.

தரவுத்தளத்துக்கும் அத்தகைய படிவத்தையே தர வேண்டும். மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி ஒன்றை மட்டும் வைக்கிறோம்:

செலக்ட் கட்டணம் ஃப்ரம் மாணவியர் வேர் பெயர் = ?

மேற்கோள் குறிகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். தரவுத்தளம் இந்த வாக்கியத்தை முதலில் ஆராய்ந்து, பொருள் உணர்ந்து, தேடும் வழியை வகுத்துக்கொள்கிறது. பிறகு மதிப்பு தனியே போய்ச் சேர்கிறது. அப்போது மேரி டி'சூசா என்பது முழுப் பெயர். மேலே கண்ட விஷமச் சொற்றொடரும் ஒரு பெயரே. அப்படி ஒரு மாணவி இல்லை என்ற பதிலோடு கதை முடிந்தது. பி.எச்.பி. மொழியில் 2005 முதல் வழங்கும் பி.டி.ஓ. என்ற வசதியில் கேள்விக்குறிக்குப் பதிலாக ':பெயர்' என்றும் எழுதலாம். அந்தப் பழைய முக்காற்புள்ளி திரும்பி வந்துவிட்டது பார்த்தீர்களா!

வீட்டில் பழகிப் பார்க்க விரும்பும் மாணவியர்க்கு எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தளம் ஏற்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் பணியில் ஈடுபட்டிருந்த ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். இலவசமானது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். நம் கைப்பேசிகளுக்குள்ளும் இது ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கிறது. பைத்தான் மொழியில் 2006 முதல் இதைக் கையாளும் பகுதி கூடவே கிடைக்கிறது. அதில் 'எக்ஸிகியூட்' என்ற கட்டளைக்கு இரண்டு பொருள்கள் தர வேண்டும். முதலாவது கேள்விக்குறியுடன் கூடிய வாக்கியம், இரண்டாவது நிரப்ப வேண்டிய மதிப்புகளின் வரிசை. மதிப்பு ஒன்றே ஒன்றானாலும் அடைப்புக்குறிக்குள் அதன்பின் ஒரு காற்புள்ளி இட வேண்டும். இடாவிட்டால் வேடிக்கை நடக்கும். ஆங்கில எழுத்தில் அனிதா என்று ஐந்து எழுத்துப் பெயரைத் தந்தால், ஒவ்வோர் எழுத்தையும் ஒரு மதிப்பாகக் கொண்டு, 'ஒன்று கேட்டேன், ஐந்து வந்துள்ளன' என்று அது முறையிடும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும. கேள்விக்குறி மதிப்புக்கு மட்டுமே இடம் தரும். அட்டவணையின் பெயரையோ பத்தியின் பெயரையோ அதில் நிரப்ப இயலாது. 'பெயர் வரிசையில் காட்டு, மதிப்பெண் வரிசையில் காட்டு' என்று பயன்படுத்துவோர் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், ஏற்கத்தக்க பத்திப் பெயர்களின் பட்டியலை நிரலுக்குள்ளேயே வைத்து, அதில் இருந்தால் மட்டும் வாக்கியத்தில் சேர்க்க வேண்டும். மேலும், மை எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ் போன்ற பெரிய தரவுத்தளங்களில் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி உரிமை அளிக்கலாம். மதிப்பெண்ணைக் காட்டுவதற்கு மட்டும் எழுதிய ஸ்கிரிப்டுக்கு அழிக்கும் உரிமை எதற்கு? வாயிற்காவலரிடம் பணப்பெட்டிச் சாவியை யாரும் கொடுத்து வைப்பதில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழகுவோர் பலர், மாணவியர் பட்டியலை ஒரு கேள்வியால் பெற்று, பிறகு ஒவ்வொருத்திக்கும் மதிப்பெண்ணைத் தனிக் கேள்வியாகக் கேட்பர். தரவுத்தளம் வேறொரு கணிப்பொறியில் இருந்து, ஒரு முறை போய்வர விநாடியில் நூறில் ஒரு பங்கு ஆகிறது என்று கொண்டால், 1200 மாணவியர்க்கு 12 விநாடி. இரண்டு அட்டவணைகளையும் சேர்க்கை எண்ணால் இணைத்து ஒரே கேள்வியாகக் கேட்டால் போய்வருவது ஒரே முறை. பண்டகசாலைக்கு ஒவ்வொரு சுண்ணக்கட்டியாக எடுத்துவர ஓடுவாருண்டோ?

இனி மின்வெட்டு. ஒரு மாணவியை 'அ' பிரிவிலிருந்து நீக்கி 'ஆ' பிரிவில் சேர்க்கிறோம். நீக்கியாயிற்று, சேர்ப்பதற்குள் மின்சாரம் போயிற்று என்றால் அவள் எந்தப் பிரிவிலும் இல்லாதவள் ஆகிவிடுவாள். இரண்டு மாற்றங்களையும் ஒரே கட்டாகக் கட்டி, இறுதியில் 'கமிட்' என்று முத்திரை இடுவது இதற்காகவே. முத்திரைக்கு முன் எது நேர்ந்தாலும் தரவுத்தளம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பைத்தானில் எஸ்.க்யூ.லைட்டைப் பயன்படுத்துவோர், வழக்கமான அமைப்பில், இம்முத்திரையை இட மறந்து நிரலை மூடிவிட்டால் செய்த மாற்றங்கள் சேமிப்பாகாமலே போய்விடும்.

எழுதிய ஸ்கிரிப்டைச் சோதிக்க, பத்து மாணவியர் கொண்ட சிறு அட்டவணை ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒருத்தி டி'சூசாவாக இருக்கட்டும். இன்னொருத்தியின் பெயரைத் தமிழ் எழுத்தில் இடுங்கள். பின்னர், பெயர் கேட்கும் இடத்தில் ஒருமுறை ஒன்றுமே தட்டாமலும், ஒருமுறை மேலே கண்ட 1 = 1 சொற்றொடரைத் தட்டியும் பாருங்கள். டி'சூசாவுக்கு ஒரு வரியும், மற்ற இரண்டுக்கும் வெறும் பட்டியலும் வந்தால், ஸ்கிரிப்டை ஆசிரியையிடம் காட்டலாம்.